போன் ஸ்லோவா இருக்கு அண்ணாச்சி: கவுண்டரில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன போன் சர்வீஸ் கடை நடத்துகிறேன். டிஸ்ப்ளே உடைந்து வருகிறவர்களைவிட "போன் ஸ்லோவா இருக்கு" என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்கள் கேட்பது மொத்தம் இருபது கேள்விக்குள் அடங்கிவிடும். ஒரே பதிலை ஒரு நாளில் நாலு பேருக்குச் சொல்லி வாய் வலித்துப்போய்த்தான் இதை எழுதி வைத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

பெரும்பாலும் ஆண்ட்ராய்டு கதைதான், ஐபோனுக்கு கடைசிப்பக்கமாக ஒரு கேள்வி இருக்கிறது. செட்டிங்ஸில் உள்ள பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். கிடைக்கவில்லை என்றால் செட்டிங்ஸ் மேலே உள்ள தேடும் பெட்டியில் அடித்துப் பாருங்கள்.

வாங்கும்போது நல்லாத்தான இருந்துச்சு, ரெண்டு வருசத்துல இதுக்கு என்ன கேடு வந்துச்சு?

பெரும்பாலும் ஒரு கேடும் இல்லை, உள்ளே இடம்தான் இல்லை. யார் போனைக் கொடுத்தாலும் நான் முதலில் பார்ப்பது ஸ்டோரேஜைத்தான். போன வாரம் சேரன்மகாதேவியிலிருந்து வந்த ஒருவரின் 32 ஜிபி போனில் மிச்சம் இருந்தது 410 எம்பி. "ரேம் போயிருச்சோ?" என்று கேட்டார். ரேம் எங்கும் போகவில்லை, அவருடைய போனுக்கு மூச்சு விட இடம் இல்லை, அவ்வளவுதான்.

போனுக்குள் இருப்பது ஃபிளாஷ் மெமரி. எழுதின இடத்தின் மேலேயே நேராக இன்னொன்றை எழுத அதற்கு வராது. முதலில் அழிக்க வேண்டும், அதையும் கொஞ்சமாக அழிக்காது, பெரிய துண்டாகத்தான் அழிக்கும். காலி இடம் இருந்தால் புதியதை அங்கே எழுதிவிட்டு, பழையதை நீங்கள் தூங்கும்போது சாவகாசமாகத் துடைத்துக்கொள்ளும். இடமே இல்லையென்றால் ஒரே ஒரு படத்தைச் சேமிக்கக்கூட உள்ளே இருப்பதை அங்கும் இங்கும் நகர்த்தியாக வேண்டும். ஆனித் தேரோட்டத்தன்று டவுன் ரதவீதிக்குள் பைக்கை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மொத்த இடத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்காவது காலியாக இருக்கட்டும். போனில் ஒன்றைக் கூடுதலாகப் போட்டு அதை வேகமாக்குவது அபூர்வம். இருப்பதை எடுத்துத்தான் வேகமாக்க முடியும், கீழே உள்ள பதில்களில் பாதி இதையே வேறு வேறு விதமாகச் சொல்வதுதான்.

என்னத்த அழிக்கது? எல்லாம் வேணும்லா!

எல்லாம் வேண்டியதில்லை. வாட்ஸ்அப்பைத் திறந்து செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மேனேஜ் ஸ்டோரேஜ் என்று உள்ளே போங்கள். 5 எம்பிக்கு மேல் உள்ள கோப்புகள் தனியாக, பலமுறை ஃபார்வேர்டு ஆனவை தனியாக என்று அதுவே பிரித்து வைத்திருக்கும். ஒரு ஆச்சியின் போனில் பார்த்தேன்: முருகன் படம் போட்ட குட் மார்னிங் மட்டும் நூற்றுக்கணக்கில், ஒரே குற்றால அருவி வீடியோ சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், பேரன் ஸ்கூல் குரூப் என்று அஞ்சு இடத்திலிருந்து வந்து அஞ்சு தடவை உட்கார்ந்திருந்தது. அதை மட்டும் எடுத்ததில் 9 ஜிபி காலியானது. முருகனை அழிக்க ஆச்சிக்கு மனசு வரவில்லை, ஒரு படத்தை வால்பேப்பராக வைத்துக் கொடுத்த பிறகுதான் சம்மதித்தார். அப்படியே ஆட்டோ டவுன்லோடையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த மாதம் இதே வேலை.

போட்டோ விஷயத்தில் ரெண்டு எச்சரிக்கை. கூகுள் போட்டோஸில் அளவில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு முடிந்தது, இப்போது மெயில், டிரைவ் எல்லாம் சேர்த்தே 15 ஜிபிதான், அதனால் பேக்கப் நிஜமாகவே ஏறியிருக்கிறதா என்று பார்க்காமல் போனில் அழிக்காதீர்கள். ரெண்டாவது, அழித்ததும் இடம் வந்துவிடாது, டிராஷில் போய்க் கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் கணக்கில் வரும்.

கிளீனர் ஆப் ஒண்ணு போட்டிருக்கேன், தினமும் ரெண்டு ஜிபி குப்பை எடுத்தேன்னு சொல்லுதே, அது பொய்யா?

முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். அது எடுப்பது கேஷ், அதாவது ஆப்கள் சீக்கிரம் திறக்கத் தங்கள் வசதிக்குச் சேர்த்து வைத்த தற்காலிகக் கோப்புகள். இன்றைக்கு எடுத்தால் நாளைக்கு அதே ஆப் அதையே திரும்ப டவுன்லோடு செய்து வைக்கும், உங்கள் டேட்டாதான் செலவு. அந்தக் கிளீனரும் நாள் முழுக்கப் பின்னால் ஓடிக்கொண்டு, ரேமைத் தின்றுகொண்டு, நடுநடுவே விளம்பரம் காட்டிக்கொண்டு இருக்கும். வீட்டைப் பெருக்க வந்தவர் வீட்டிலேயே பாய் போட்டுப் படுத்த கதை. கடையில் நான் முதலில் நீக்கும் ஆப் பெரும்பாலும் இதுதான். கூகுளின் ஃபைல்ஸ் ஆப்போ, உங்கள் கம்பெனி செட்டிங்ஸிலேயே வைத்திருப்பதோ போதும்.

ஒவ்வொரு தடவையும் எல்லா ஆப்பையும் மேல தள்ளி விட்டுருதேன், அப்படித்தான செய்யணும்?

வேண்டாம். சாயங்காலம் பரோட்டா மாஸ்டர் மாவை உருட்டி, எண்ணெய் தடவி வரிசையாக வைத்திருப்பார் இல்லையா, ஆள் வந்து உட்கார்ந்ததும் வீசி அடித்துக் கல்லில் போட்டுவிடுவார். ஒவ்வொரு ஆள் எழுந்து போனதும் மிச்ச உருண்டையை எல்லாம் குப்பையில் கொட்டிவிட்டு, அடுத்த ஆளுக்கு முதலிலிருந்து மாவு பிசைந்தால் எப்படி இருக்கும்? நீங்கள் தள்ளிவிடுவது அந்த உருண்டையைத்தான். பின்னால் கிடக்கும் ஆப் பெரும்பாலும் உறைந்த நிலையில் சும்மா ரேமில் இருக்கிறது, இடம் தேவைப்பட்டால் ஆண்ட்ராய்டே அதைத் தூக்கி எறிந்துகொள்ளும். நீங்கள் தள்ளிவிட்டுத் திரும்பத் திறந்தால் ஆரம்பத்திலிருந்து ஏற்ற வேண்டும், நேரமும் சார்ஜும் கூடத்தான் ஆகும்.

மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிற ஆப்பை மட்டும் தள்ளுங்கள். அப்புறம், வழி காட்டி முடித்த மேப்ஸையும்.

4 ஜிபி ரேம் போன்ல இன்னொரு 4 ஜிபி ஏத்திக்கலாம்னு செட்டிங்ஸ்லயே இருக்கே, ஏத்திரட்டா?

அது ரேம் இல்லை, ஸ்டோரேஜில் கொஞ்சத்தை ஒதுக்கி ரேம் மாதிரி வேலை வாங்குவது. விலை கூடின போன்களில் இருக்கும் யுஎஃப்எஸ் ஸ்டோரேஜ் ஓரளவு ஈடுகொடுக்கும். குறைந்த விலைப் போன்களில் இருக்கும் இஎம்எம்சி அதைவிட ரொம்ப மெதுவானது, அதில் இதை ஏற்றினால் சில நேரம் இருப்பதும் போய்விடும். முதல் பதிலில் சொன்ன இடநெருக்கடி உள்ள போனில் நான் இதை அணைத்துவிடுவேன், ஒதுக்கின ஜிபியும் திரும்பக் கிடைக்கும்.

யூடியூப்ல ஒருத்தன் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டச் சொல்லுதான், தட்டலாமா?

தட்டலாம். அபவுட் போனுக்குள் பில்டு நம்பர் என்ற வரியை ஏழு தடவை தட்டி, போன் பூட்டைத் திறக்கும் நம்பரைப் போட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் கீழே இறங்கிப் போனால் விண்டோ அனிமேஷன் ஸ்கேல், டிரான்சிஷன் அனிமேஷன் ஸ்கேல், அனிமேட்டர் டியூரேஷன் ஸ்கேல் என்று மூன்று வரிகள் அடுத்தடுத்து இருக்கும். மூன்றும் 1 என்று இருப்பதை 0.5 ஆக்குங்கள். ஆப் திறக்கும்போது விரிகிற அந்தக் காட்சி பாதி நேரத்தில் முடிந்துவிடும். போன் உண்மையில் வேகமாகவில்லை, நீங்கள் காத்திருக்கும் நேரம்தான் குறைகிறது, ஆனால் செய்து கொடுத்ததும் "புது போன் மாதிரி இருக்கே" என்று சொல்லாதவர் கிடையாது.

மற்றதைத் தொடாதீர்கள். பேக்கிரவுண்ட் பிராசஸை ஒன்று, இரண்டு என்று குறைப்பது, ஆக்டிவிட்டியை வைத்திருக்காதே என்ற சுவிட்ச், இவையெல்லாம் ஆப் எழுதுகிறவர்கள் சோதனை செய்ய வைத்திருப்பது, மேலே சொன்ன பரோட்டா உருண்டையைக் கொட்டும் வேலையை இவை தானாகவே செய்துகொண்டிருக்கும். இன்னொன்று, சில பேங்க் ஆப்கள் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருந்தால் உள்ளே விடாது. அப்படி வந்தால் மேலே உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள். அதோடு அனிமேஷன் பழையபடி 1-க்குப் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது, பேங்க் முக்கியமா அனிமேஷன் முக்கியமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெயில்ல கொண்டு போனா போன் தூங்கிருது, என்ன செய்ய?

நம் ஊர் மே மாத வெயிலுக்கு நாமே தூங்கிவிடுகிறோம். சிப் சூடாகும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், திரை வெளிச்சமும் இறங்கும், சார்ஜும் மெதுவாகும். அது கோளாறு இல்லை, அப்படித்தான் செய்து வைத்திருக்கிறார்கள். பைக் ஹேண்டிலில் மாட்டி, மேப் போட்டு, பவர் பேங்கும் சொருகி, வள்ளியூர் வரை நாலுவழிச்சாலையில் மத்தியானம் போனால் எந்தப் போனும் இதைத்தான் செய்யும். பைக்கில் மாட்டுவதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது: பெரிய பைக் இன்ஜின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிளே எழுதி எச்சரித்தது.

சார்ஜ் போடும்போது தடித்த கவரைக் கழற்றுங்கள், சார்ஜில் போட்டுக்கொண்டு கேம் ஆடாதீர்கள். சூடாகிவிட்டால் ஃபேன் காற்றில் கவிழ்த்து வைத்தால் போதும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து வந்தவரும் உண்டு, உள்ளே வேர்த்துத் தண்ணீர் கோத்து, போர்டு பச்சை பிடித்துப் போயிருந்தது.

பேட்டரி மாத்துனா ஸ்பீடு கூடுமா?

சில போனில் கூடும். பழைய பேட்டரி திடீரென்று அதிகக் கரண்ட் கேட்டால் கொடுக்க முடியாமல் வோல்டேஜ் இறங்கும், 25 சதவீதம் காட்டிக்கொண்டே போன் அணையும். இதைத் தவிர்க்க ஆப்பிள் பழைய பேட்டரி உள்ள ஐபோன்களில் சிப் வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்தது. 2017 டிசம்பரில் விஷயம் வெளியே வந்து, மன்னிப்புக் கேட்டு, குறைந்த விலைக்குப் பேட்டரி மாற்றிக் கொடுத்தார்கள். ஆக, உங்கள் போன் சார்ஜ் பாதிக்குக் கீழே வரும்போது மட்டும் தடுமாறுகிறது, கேமரா திறந்தால் அணைகிறது என்றால் பேட்டரியைப் பாருங்கள். பின்மூடி லேசாகத் தூக்கியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது, அன்றைக்கே கொண்டு வாருங்கள், அமுக்கிப் பார்க்காதீர்கள்.

மலைக்கு போனா சார்ஜ் தண்ணியா எறங்குது, பேட்டரி கெட்டுப்போச்சா?

இல்லை. மாஞ்சோலை, காரையார் பக்கம் டவர் தூரமாகவோ இல்லாமலோ இருக்கும்போது போன் சத்தம் கூட்டிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், அதற்குத்தான் சார்ஜ் போகிறது. சிக்னல் சுத்தமாக இல்லாத இடத்தில் ஃபிளைட் மோடில் போட்டுவிடுங்கள். ஊருக்குள்ளேயே 5ஜி வருவதும் போவதுமாக இருந்தால் நெட்வொர்க் செட்டிங்ஸில் 4ஜியோடு நிறுத்திப் பாருங்கள்.

ஒண்ணும் தொடாமலே விளம்பரமா வந்து விழுது. இது வைரஸா?

மூன்று வகை இருக்கிறது. நோட்டிபிகேஷனில் "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று வந்தால் அது பெரும்பாலும் குரோமில் ஏதோ ஒரு தளத்துக்கு நீங்கள் அலோ கொடுத்ததன் பலன். அந்த நோட்டிபிகேஷனையே அழுத்திப் பிடித்து அணைத்துவிடலாம். லாக் ஸ்கிரீனில் தினம் ஒரு படமும் செய்தியும் வந்தால் அது போனோடு வந்த வசதி, செட்டிங்ஸில் லாக் ஸ்கிரீன் அல்லது வால்பேப்பர் பகுதியில் அணைக்கலாம்.

மூன்றாவதுதான் தொல்லை: எந்த ஆப்பும் திறக்காதபோது திரை முழுக்க விளம்பரம். யார் செய்கிறது என்று பிடிக்க, விளம்பரம் நிற்கும்போதே ரீசண்ட்ஸ் பட்டனை அழுத்துங்கள், அந்த விளம்பரத்தின் தலைமேல் ஆப்பின் ஐகான் தெரியும். டார்ச், க்யூஆர் ஸ்கேனர், போட்டோ ரெகவரி, கிளீனர், இந்த நாலில் ஒன்றாக இருக்கும். பிடிபடவில்லை என்றால் சேஃப் மோடு: பவர் மெனுவில் பவர் ஆஃப் என்பதைப் பெரும்பாலான போன்களில் அழுத்திப் பிடித்தால் வரும். அதில் நீங்கள் போட்ட ஆப் எதுவும் ஓடாது. அங்கே போன் சுத்தமாகவும் வேகமாகவும் இருந்தால், குற்றவாளி நீங்கள் போட்டதில் ஒன்றுதான், கடைசியாகப் போட்டதிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கி வாருங்கள்.

கம்பெனிக்காரன் குடுத்த ஆப்பை அழிக்க விடமாட்டேங்கானே?

முதலில் ஆப் இன்ஃபோவில் டிசேபிள் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் போதும், அதற்குப் பின் அது ஓடாது. அதுவும் இல்லாவிட்டால் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி என்ற கருவி மூலம் உங்கள் கணக்கிலிருந்து மட்டும் அந்த ஆப்பை விலக்கலாம், ரூட் (அது என்ன என்று கீழே வருகிறது) தேவையில்லை. ஆப்பின் மூலக் கோப்பு சிஸ்டம் பகுதியில் அப்படியே கிடக்கும், அதனால் இதில் ஸ்டோரேஜ் பெரிதாக மிச்சமாகாது, பின்னால் ஓடுவது நிற்கும். ஃபேக்டரி ரீசெட் செய்தால் எல்லாம் திரும்பி வந்துவிடும். கேம் ஸ்டோர், செய்தி ஆப், ஷாப்பிங் ஆப் எடுங்கள். பெயர் புரியாததை எடுக்காதீர்கள். சிஸ்டம் யூஐ என்பதைத் தேவையில்லாதது என்று நினைத்து எடுத்த கல்லூரித் தம்பி ஒருவர் வந்தார், திரையில் மேல் பட்டையும் இல்லை, கீழ் பட்டனும் இல்லை, ரீசெட்டைத் தவிர வழி இல்லாமல் போயிற்று.

தீம், லாஞ்சர், லைவ் வால்பேப்பர் எல்லாம் போட்டா ஸ்லோ ஆகுமா?

லாஞ்சர் என்பது முகப்புத் திரை மட்டும்தான். நோவா, நயாகரா, லான்சேர் மாதிரி நல்லது ஒன்றைப் போட்டால் கம்பெனி லாஞ்சரைவிட லேசாகவே ஓடலாம், பிடிக்காவிட்டால் நீக்கினால் பழையது அங்கேயே இருக்கும். ஐகான் பேக் ஒன்றும் செய்யாது. லைவ் வால்பேப்பரும், நிமிஷத்துக்கு ஒரு தடவை மாறுகிற விட்ஜெட்டும் சார்ஜ் தின்னும். கறுப்பு வால்பேப்பரும் டார்க் மோடும் சார்ஜ் மிச்சம் பிடிப்பது அமோலெட் திரையில் மட்டும்தான், எல்சிடியில் பின்விளக்கு எப்படியும் எரிந்துகொண்டுதான் இருக்கும். திரை செகண்டுக்கு 120 தடவை மாறும் 120 ஹெர்ட்ஸ் வசதி இருந்தால் அதை விட்டுவையுங்கள், சார்ஜ் கொஞ்சம் கூடப் போனாலும் கைக்கு வேகம் தெரியும்.

தமிழ் எழுத்துரு மாற்றுகிறவர்கள் ஒன்று கவனியுங்கள். தீம் கடையில் கிடைக்கும் பல எழுத்துருக்களில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும், தமிழ் பழையபடியே வரும், சிலதில் கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று கிடக்கும். வங்கி எஸ்எம்எஸ் படிக்க முடியாமல் போனால் எழுத்துருவை முதலில் மாற்றிப் பாருங்கள். விசைப்பலகைக்கு செல்லினமோ ஜிபோர்டோ எதுவானாலும் ஒன்று மட்டும் வையுங்கள். நிறைய எழுதுகிறவர்கள் தமிழ் 99 ஒரு வாரம் பழகிப் பாருங்கள், 1999 தமிழ்நெட் மாநாட்டில் ஏற்றுக்கொண்ட அமைப்பு, மெய்யும் உயிரும் தட்டினால் உயிர்மெய் வந்துவிடும், தட்டச்சு எண்ணிக்கை குறையும்.

ஆச்சிக்கு ஏத்த மாதிரி போனை மாத்தித் தர முடியுமா?

முடியும், எனக்குப் பிடித்த வேலையே இதுதான். ஃபாண்ட் சைஸ், டிஸ்ப்ளே சைஸ் ரெண்டையும் ஏற்ற வேண்டும். முகப்பில் அஞ்சே ஐகான்: போன், வாட்ஸ்அப், கேமரா, யூடியூப், டார்ச். மகன், மகள் படத்தோடு நேரடி டயல் விட்ஜெட் வைத்தால் கான்டாக்ட்ஸுக்குள் போகவே வேண்டாம். முகப்பைப் பூட்டும் வசதி லாஞ்சர் செட்டிங்ஸில் இருக்கும், அதைப் போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் பேரன் எல்லாவற்றையும் நகர்த்திவிடுவான்.

அப்டேட் வந்து நிக்கி, போடவா வேண்டாமா? போட்டா வேணும்னே ஸ்லோ ஆக்கிருவாங்களாமே?

செக்யூரிட்டி பேட்ச் என்று வந்தால் யோசிக்காமல் போடுங்கள். ஆண்ட்ராய்டு எண்ணே மாறும் பெரிய அப்டேட் என்றால், போன் வாங்கி ஒன்றிரண்டு வருஷம்தான் ஆகிறது, இடம் இருக்கிறது என்றால் போடலாம். கடைசி அப்டேட்டாக வந்து நிற்கும் 3 ஜிபி ரேம் போனில் நான் அவசரப்பட மாட்டேன், பல போன்களில் பழைய பதிப்புக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள்.

ஊரில் பேசிக்கொள்வதிலும் கொஞ்சம் நிஜம் உண்டு: போனைத் தடுமாற வைத்த அப்டேட்களுக்காக 2018 அக்டோபரில் இத்தாலியின் போட்டி ஆணையம் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. ஆனால் அப்டேட் போட்ட முதல் ரெண்டு நாள் ஸ்லோவாகவும் சூடாகவும் இருப்பது வேறு விஷயம். எல்லா ஆப்பையும் புதுப் பதிப்புக்கு ஏற்றபடி உள்ளே திரும்பத் தயார் செய்துகொண்டிருக்கும். ராத்திரி சார்ஜில் போட்டு விட்டுவிடுங்கள், ரெண்டு நாள் கழித்தும் சரியாகாவிட்டால் வாருங்கள்.

மொத்தமா ரீசெட் அடிச்சிட்டா புதுசு மாதிரி ஆயிரும்லா?

ஆகும், மூன்று மாதத்துக்கு. பழைய ஆப் எல்லாவற்றையும் திரும்பப் போட்டால் நாலாவது மாதம் பழைய போன்தான். செய்வதற்கு முன் போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப், கான்டாக்ட் மூன்றையும் கண்ணால் பாருங்கள். யுபிஐ ஆப்பைத் திரும்பப் பதிவு செய்ய அந்த சிம் போனில் இருக்க வேண்டும், எஸ்எம்எஸ் போகிற அளவு பேலன்ஸும் வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், போனில் உள்ள ஜிமெயில் ஐடியும் பாஸ்வேர்டும். 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1 காலத்திலிருந்து திருட்டைத் தடுக்க ஒரு பூட்டு இருக்கிறது. செட்டிங்ஸுக்குள் போகாமல், அணைத்த போனில் பட்டன்களைப் பிடித்தால் வரும் ரெகவரி மெனு வழியாக ரீசெட் அடித்தால், முன்பு இருந்த கணக்கையே கேட்டு நிற்கும். எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், "ஐடி என்ன?" என்றால் "போன் வாங்கின கடைக்காரத் தம்பி போட்டுக் குடுத்தான், எனக்குத் தெரியாது" என்பார்கள். அந்தத் தம்பி எந்த ஊரில் இருக்கிறானோ. சொந்தப் போன் என்று நிரூபிக்க பில்லைத் தேடி, சர்வீஸ் சென்டருக்கு அலைந்து, ஒரு வாரம் போய்விடும். இன்றைக்கே செட்டிங்ஸில் கூகுள் பகுதியைத் திறந்து ஐடியைப் பார்த்து, பாஸ்வேர்டை உங்களுக்குத் தெரிந்ததாக மாற்றி, வீட்டில் ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

ரூட் பண்ணிக் குடுங்க, எவ்வளவு ஆகும்?

செய்வதில்லை. ரூட் என்றால் சிஸ்டத்தின் எல்லாச் சாவியும் உங்கள் கையில் என்று அர்த்தம். பத்து வருஷத்துக்கு முன்னால் அது தேவையாகவே இருந்தது, விளம்பரத்தைத் தடுக்க, ஆப்பை நீக்க, பேக்கப் எடுக்க எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. இன்று பாதி வேலை மேலே சொன்ன ஏடிபியிலேயே முடிகிறது.

இழப்பது என்ன என்று பாருங்கள். போன் எழும்போது முதலில் ஓடி சிஸ்டத்தை ஏற்றுகிற பூட்லோடரைத் திறக்கும்போது போனில் உள்ள அத்தனையும் அழியும். சாம்சங்கில் நாக்ஸ் என்று ஒரு எலக்ட்ரானிக் ஃபியூஸ் இருக்கிறது, அது ஒருமுறை போனால் ஒட்டவே முடியாது, ரகசியமானதைப் பூட்டி வைக்கும் செக்யூர் ஃபோல்டர் நிரந்தரமாகப் போய்விடும். பேங்க் ஆப்பும் பல யுபிஐ ஆப்பும் போன் கலையாமல் இருக்கிறதா என்று கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி சோதனை வழியாகக் கேட்டுப் பார்க்கும், கலைந்திருந்தால் நின்றுவிடும். மேஜிஸ்க் என்ற ரூட் கருவியைப் போட்டு மறைக்கலாம், ஆனால் இன்று மறைத்தது அடுத்த மாதம் வெளியே தெரியும், நீங்கள் டீக்கடையில் க்யூஆர் முன்னால் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பீர்கள்.

சரி, ரூட் வேண்டாம். கஸ்டம் ரோம்?

கம்பெனி கொடுத்த ஆண்ட்ராய்டை எடுத்துவிட்டு வெளி ஆட்கள் செய்த ஆண்ட்ராய்டைப் போடுவதுதான் கஸ்டம் ரோம். இதில் எனக்குப் பழைய பாசம் உண்டு. 2009-இல் சயனோஜென்மாட் தொடங்கியது, 2016 டிசம்பரில் அது மூடப்பட்டதும் அதே ஆட்கள் பலர் சேர்ந்து லீனியேஜ் ஓஎஸ் என்று தொடர்ந்தார்கள். 2017-இல் ஆண்ட்ராய்டு 8-ஓடு வந்த பிராஜெக்ட் டிரெபிள், சிப் சார்ந்த பகுதியையும் ஆண்ட்ராய்டையும் தனித்தனியாகப் பிரித்ததால் வேலை கொஞ்சம் எளிதானது. கம்பெனி கைவிட்ட போனுக்குப் புது ஆண்ட்ராய்டு கிடைக்கும், குப்பை ஆப் ஒன்றுகூட இருக்காது, நிஜமாகவே லேசாக ஓடும்.

ஆனால் ரூட்டில் சொன்ன பூட்லோடர் இழப்பெல்லாம் இதற்கும் உண்டு. கேமரா தரம் பெரும்பாலும் இறங்கும், கம்பெனியின் கேமரா மென்பொருள் கூட வராது. படத்தைத் திருடவிடாமல் காக்கும் வைட்வைன் பூட்டு எல்1 தரத்திலிருந்து எல்3-க்கு இறங்கினால் பல ஓடிடியில் படத்தின் தெளிவு 480பி-க்கு மேல் ஏறாது. அப்புறம் போனின் உயிரே போகும் ஆபத்து ஒன்று: நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஒரே பெயரில் ரெண்டு மாடல் இருந்த என் போனில், பெட்டியின் பின்னால் இருந்த கடைசி எழுத்தைப் பார்க்காமல் அடுத்த மாடலின் கோப்பை ஏற்றினேன். ராத்திரி ரெண்டு மணி. திரை கறுப்பு, பவர் பட்டனை எவ்வளவு நேரம் பிடித்தாலும் ஒரு சின்ன அதிர்வு மட்டும் வந்து நின்றது. கம்ப்யூட்டர் அதைப் போன் என்றே ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று நாள் கழித்து எப்படியோ எழுப்பினேன், ஆனால் போனின் அடையாள எண்ணான ஐஎம்இஐ காணாமல் போயிருந்தது, சிம் எடுக்கவில்லை. அந்தப் போன் இன்றும் கடையில் அலாரமாக இருக்கிறது.

ப்ளே ஸ்டோர்ல இல்லாத ஆப், வாட்ஸ்அப்ல ஏபிகே-யா அனுப்பிருக்காங்க. போடலாமா?

கூடாது. ஏபிகே என்பது ப்ளே ஸ்டோருக்குப் போகாமல் ஆப்பை நேராகப் போடும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை, விவசாயி நிதி உதவி, கரண்ட் பில், பேங்க் கேஒய்சி என்று எந்தப் பெயரில் வந்தாலும் கூடாது, தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் கூடாது, அவர் வாட்ஸ்அப்பே பறிபோயிருக்கலாம். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும், ஏபிகேயாக வர வேண்டிய அவசியமே இல்லை. இந்த ஆப்கள் எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதியும், திரையைப் படித்து உங்களுக்குப் பதில் தட்டவும் முடிகிற ஆக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும், கொடுத்தால் ஓடிபி அவர்கள் கைக்குப் போகும். ஆண்ட்ராய்டு 13 முதல் வெளியிலிருந்து போடும் ஆப்களுக்கு ஆக்சஸிபிலிட்டி அனுமதியைக் கூகுள் எளிதில் தருவதில்லை, அதைத் தாண்ட "இப்படி இப்படிச் செய்யுங்க" என்று யாராவது போனில் சொல்லிக்கொடுத்தால் அங்கேயே கட் செய்யுங்கள்.

போட்டாயிற்று என்றால் முதலில் நெட்டை அணையுங்கள். வேறு போனிலிருந்து பேங்குக்கும், சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கும் உடனே கூப்பிடுங்கள். என் கடைக்கு அதற்கு அப்புறம் வந்தால் போதும்.

ஐபோன்ல இதெல்லாம் வராதாமே?

வரும். இடம் நிறைந்தால் அதுவும் திணறும், பேட்டரி கதை மேலேயே சொல்லிவிட்டேன். செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் 80-க்குக் கீழே இருக்கிறதா பாருங்கள். உள்ளே மாற்றி விளையாட அதில் அதிகம் விடமாட்டார்கள், அதனால் கெடுத்துக்கொள்ளவும் வழி குறைவு.

நீங்க சொன்ன எல்லாம் செஞ்சாச்சு, இன்னும் ஸ்லோதான். இப்ப என்ன?

ரீசெட் அடித்து, ஒரு ஆப்பும் போடாத நிலையிலேயே செட்டிங்ஸ் திறக்க ரெண்டு செகண்ட் ஆகிறது, போட்டோ எடுத்தால் சேமிக்காமல் சுற்றுகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் ஸ்டோரேஜ் சிப் தேய்ந்திருக்கலாம். ஃபிளாஷ் மெமரிக்கு இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஆயுள் உண்டு. அப்படிப்பட்ட போனில் பேட்டரி, டிஸ்ப்ளே என்று காசு கொட்டாதீர்கள், உள்ளே இருப்பதை முதலில் வெளியே எடுங்கள். ஒருநாள் திடீரென்று லோகோவோடு நின்றுவிடும், அதற்குப் பின் எடுப்பது பெரும் பாடு.

சிப் நன்றாக இருந்து, 2 ஜிபி ரேம் என்பதால்தான் திணறுகிறது என்றால், பேங்க் ஆப்பையும் சிம்மையும் புதுப் போனுக்கு மாற்றிவிட்டு இதைப் பாட்டுக்கோ பிள்ளைகள் பாடம் பார்க்கவோ வையுங்கள். பழைய போன் வாங்குகிறவர்கள் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண்ணை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சரிபார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கஸ்டம் ரோம் ஆசை இருக்கிறவர்களுக்கும் இப்படி ஓய்வு பெற்ற போன்தான் சரி. பெட்டியின் பின்னால் மாடல் நம்பரின் கடைசி எழுத்து வரை ரெண்டு தடவை பாருங்கள், டெஸ்க்டாப்பில் செய்யாமல் லேப்டாப்பில் செய்யுங்கள், நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று உங்களுக்கே தெரியும்.